பி.எஸ்சி. நர்சிங்: நான்கு ஆண்டில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள்?

மே 12, வாசகர் கேள்வி, கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். நம் மாவட்டத்தில் தெருவுக்கு இரண்டு நர்ஸ் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஊசி போடவும், பிரஷர் பார்க்கவும், டிரிப்ஸ் ஏற்றவும் நான்கு ஆண்டுகள் எதற்கு? எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு முடித்துவிட்டு ஒரு கிளினிக்கில் இதையெல்லாம் செய்கிறாள். பணம் கட்டுவதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 12, இரவு

அண்ணன், நான் 2003-ல் இந்தப் படிப்பில் சேர்ந்து 2007-ல் முடித்தவள். அதன்பின் நம் மாவட்டத்திலும் சவூதியிலுமாக வார்டில் நின்றிருக்கிறேன். ஊசி போடக் கற்பதற்கு நான்கு ஆண்டு வேண்டாம் என்று நீங்கள் சொல்வது சரிதான். கை பழகுவதற்குச் சில வாரங்கள் போதும். அந்த ஊசியை இந்த நோயாளிக்கு இப்போது போடலாமா, போட்ட பிறகு எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பார்த்ததை யாரிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் மீதிக் காலம் செலவாகிறது.

முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலம் ஆகியவற்றுடன் நர்சிங் அடிப்படைகளும் உண்டு. இரண்டாம் ஆண்டில் மருந்தியல், நோயியல், பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவை சிகிச்சைப் பராமரிப்பு, சமூகவியல், சமுதாய நலம் ஆகியவை வரும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, ஆராய்ச்சியும் புள்ளியியலும், வார்டு நிர்வாகம் ஆகியவற்றைப் படிக்கிறார்கள். வகுப்பறைக்கு இணையாக வார்டிலும் நிற்க வேண்டும். இன்று மாலை டியூட்டி முடித்து வந்த களைப்பில் எழுதுவதால், மீதியை நாளை எழுதுகிறேன்.

மே 13

பாடங்களின் பெயரை அடுக்கியதால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்திருக்காது என்று காலையில் தோன்றியது. ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டில் எங்களை ஆண்கள் வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு உடல் வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் எடுத்துச் சார்ட்டில் எழுத வேண்டும். வெப்பமானியும் பிரஷர் கருவியும் எண்ணைக் காட்டிவிடும். நாடியைத் தொட்டு எண்ணலாம். மூச்சை எண்ணுவதற்கு மட்டும் கருவி இல்லை. நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுவதும் நிற்க வேண்டும். அந்த வார்டின் சார்ட்டுகளில் எல்லாருக்கும் 20 என்றே எழுதியிருந்தது. நானும் அதைப் பார்த்து, எண்ணாமலே பன்னிரண்டு பேருக்கும் 20 என்று எழுதினேன்.

எங்கள் ஆசிரியை சார்ட்டுகளைப் புரட்டினார். என்னைத் திட்டவில்லை. மூலைக் கட்டிலில் இருந்த ஒரு பாட்டாவிடம் அழைத்துச் சென்று, "இவருடைய மணிக்கட்டைப் பிடி, நாடியை எண்ணுவதுபோல் நின்றுகொண்டு மூச்சை எண்ணு, எண்ணுகிறாய் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். மூச்சை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் தம்மை அறியாமலே அதன் வேகத்தை மாற்றிவிடுவார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். எண்ணி முடித்தபோது 34. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. காய்ச்சல் அதிகமில்லை, இரத்த அழுத்தமும் விழவில்லை. அவரும் எதையும் முறையிடவில்லை. மூக்கின் ஓரங்கள் விரிந்து சுருங்குவதையும், கழுத்தெலும்புக்கு மேலுள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குவதையும் ஆசிரியை விரலால் காட்டினார். கூப்பிட்டதும் மருத்துவர் வந்தார். நிமோனியா. ஆக்ஸிஜன் வைத்தார்கள், பகலில் ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள்.

உடல் நிலைகுலையத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கைதான். ஏன் மாறுகிறது என்பதற்கான விடை உடலியங்கியலில் இருக்கிறது: இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தாலும், கரியமிலவாயுவோ அமிலமோ கூடினாலும் மூளைத் தண்டிலுள்ள சுவாச மையம் வேகத்தைக் கூட்டுகிறது. அந்தப் பாடத்தை நான் அதற்கு இரண்டு மாதம் முன்பே படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். பாட்டாவின் கட்டிலருகே நின்றபோதுதான் அது எனக்குப் பாடமாயிற்று.

மே 15, திருத்தம்

நான் எழுதிய ஆண்டுவாரிப் பட்டியல் என் காலத்தது என்று தக்கலையிலிருந்து இப்போது படிக்கும் ஒரு தங்கை சுட்டிக்காட்டியிருக்கிறாள், சரிதான். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பாடத்திட்டத்தைத் திருத்தி, நான்கு ஆண்டுகளை எட்டு செமஸ்டர்களாகப் பிரித்துக் கிரெடிட் முறைக்கு மாற்றிவிட்டது. எங்களுக்கு இல்லாத சில பாடங்களும் வந்திருக்கின்றன: தொற்றுக் கட்டுப்பாடும் நோயாளிப் பாதுகாப்பும் நுண்ணுயிரியலோடு சேர்ந்து தனிக் கவனம் பெறுகின்றன, தடயவியல் நர்சிங்கும் இந்தியச் சட்டங்களும் ஐந்தாம் செமஸ்டரில் உள்ளன, நலவாழ்வுத் தகவல் தொழில்நுட்பம் இரண்டாம் செமஸ்டரிலேயே வந்துவிடுகிறது. எட்டாம் செமஸ்டர் 22 வாரப் பயிற்சிப் பணி. அதில் ஆறு வாரம் பெரியவர்கள் வார்டு. சமுதாய நலம், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு ஆகியவற்றுக்கு நான்கு நான்கு வாரம்.

மாறாத ஒன்றும் உண்டு. வகுப்புக்கு 80 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம்; வார்டுப் பயிற்சியில் விடுபட்ட நாள்களை முழுவதும் ஈடுசெய்து 100 விழுக்காடு ஆக்காமல் பட்டம் கிடைக்காது. பெற்றோர் திருமணத்துக்கும் கொடை விழாவுக்கும் பிள்ளைகளை அழைக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

மே 16

ஓராண்டுச் சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பதிவு பெறுவதற்குரிய படிப்புகள் ஏ.என்.எம். (துணை நர்ஸ், தாதி படிப்பு), ஜி.என்.எம். (பொது நர்சிங், தாதிமைப் பட்டயம்), பி.எஸ்சி. நர்சிங் போன்றவை. பதிவு இல்லாதவரை நர்ஸ் என்று சட்டம் ஏற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. அவள் கை என் கையைவிட வேகமாக நரம்பைப் பிடிக்கக்கூடும். அவளுக்குக் கற்றுத்தராத ஒரு பொறுப்பை, குறைந்த சம்பளத்தில் அவள் தலையில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு வருத்தம்.

பட்டப்படிப்பு வெளிநாட்டுக்காகப் புதிதாக வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் வந்துவிட்டது, அதே ஆண்டில் டெல்லியிலும் தொடங்கினார்கள். நம் மாவட்டம் வேலூரைவிடவும் முந்தியே மருத்துவப் பணியைக் கண்டது. நெய்யூரில் அது தொடங்கிய ஆண்டு 1838. எவரெஸ்ட் ஏறும் முயற்சிகளில் 1922-லும் 1924-லும் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்த இடமும் அந்த நெய்யூர்தான்.

மே 20

மருந்தியலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிப் படிப்பைச் சொல்லாமல் விட்டதாகும். மருந்தின் பெயரையும் அளவையும் மனப்பாடம் செய்வதுதான் மருந்தியல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இதயத்துக்குத் தரும் டிகாக்சின் மாத்திரையைக் கையில் எடுக்கும்முன் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் இதயத்துடிப்பை எண்ண வேண்டும். பெரியவருக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேரடியாக நரம்பில் செலுத்தக் கூடாது. கரைசலில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இதயம் நின்றுவிடும். மருத்துவர் எழுதியதைச் செய்பவர்தானே நர்ஸ் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டும் போதும்: எழுதியிருந்தாலும் கொடுக்காமல் நிற்க வேண்டிய நேரத்தை அறிவதற்கும் படிப்பு வேண்டும்.

கணக்கும் உண்டு. 500 மில்லி சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப்ஸ் குழாய்ச் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு வைக்க வேண்டும்.

இப்போது என் தவறு ஒன்று. படிப்பு முடித்து ஓராண்டு இருக்கும். ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு டியூட்டி. நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு வகை: மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. உறவினர் வெளியிலிருந்து வாங்கி வந்த குப்பி 100 யூனிட். என் தட்டில் இருந்தது சிவப்பு மூடி சிரிஞ்சு. போட வேண்டியது 20 யூனிட். 20 என்ற கோடு வரை எடுத்துவிட்டேன். அதாவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். மூத்த சிஸ்டர் அருகில் வந்து, "குப்பியில் என்ன எழுதியிருக்கிறது, மகளே? வாய்விட்டு வாசி" என்றார். வாசித்தேன். கை நடுங்கியது. இந்த வேறுபாட்டைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு நிற்கும்போது காப்பது, குப்பியை வாய்விட்டு வாசித்து இன்னொருவருக்குக் காட்டும் பழக்கம். நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரிதானா என்று நூறு முறை கேட்டுக் கேட்டு ஆசிரியர்கள் அலுப்பூட்டுவது அந்தப் பழக்கத்துக்காகத்தான்.

மே 21

குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் ஒருவர் சொல்லியதைச் சேர்க்கிறேன்: அங்கே சிறு சொட்டாக விழும் மைக்ரோ டிரிப் செட், மில்லிக்கு 60 சொட்டு. மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டின் உறையில் உள்ள எண்ணைப் பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மே 27

சமுதாய நலப் பாடம் மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் என்று ஒரு தம்பி எழுதியதை நான் ஏற்கவில்லை. நம் மாவட்டத்தில் அந்தப் பாடம் மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை நடக்கிறது. எங்களை ஒரு மாதம் கடற்கரைக் கிராமத்துக்கும் ஒரு மாதம் ரப்பர் தோட்டப் பகுதிக்கும் அனுப்பினார்கள். வீடு வீடாகச் சென்று குடும்ப விவரம் எழுதுவது, கர்ப்பிணியின் இரத்தசோகையை இமையின் உட்புறம் பார்த்து ஐயுற்றுப் பரிசோதனைக்கு அனுப்புவது, தடுப்பூசி விடுபட்ட குழந்தையைக் கண்டுபிடிப்பது, கிணற்றில் குளோரின் போடும் அளவைக் கணக்கிடுவது ஆகியவை வேலை. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் உண்ணும் வீட்டில் நின்றுகொண்டு, புத்தகத்தில் இருக்கும் கோதுமை ரொட்டி உணவுப் பட்டியலை வாசித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்; அந்த வீட்டு அடுக்களையில் இருப்பதை வைத்தே சர்க்கரை நோயாளிக்கு அளவு சொல்ல வேண்டியிருந்தது. ஊட்டச்சத்துப் பாடத்தை நான் உண்மையில் கற்றது அங்கேதான்.

ரப்பர் பால் வெட்டுபவர்கள் நெற்றி விளக்கோடு விடியுமுன்பே தோட்டத்தில் இறங்குகிறார்கள். பாம்புக்கடி அந்த நேரத்தில் நடக்கும். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டு வந்தபோது நான் பயிற்சி மாணவியாக இருந்தேன். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்த பிறகு, இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் விட்டுக் கட்டிலருகே அசைக்காமல் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்புத்தூளில் கழுவிய குழாயும் கூடாது, ஏனென்றால் இரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடிப் பரப்புதான் தூண்டுதல், சோப்பு அதைக் கெடுத்துவிடும். அந்த இருபது நிமிடமும் யாரும் குழாயைத் தொடாதபடி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்குவது; அது கடித்திருந்தால் குழாயில் இரத்தம் வழக்கம்போல் உறைந்துவிடும். அங்கே இமை சரிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். குழாய் சாய்ந்து இரத்தம் ஓடியது. மருத்துவர் விஷமுறிவு மருந்தைத் தொடங்கச் சொன்னார். அதற்குமுன் அட்ரினலினை ஊசியில் எடுத்துத் தயாராக வைத்தது என் சீனியர். விஷமுறிவு மருந்தே ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் 3

தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் சமாளிக்குமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். நானும் தமிழ் வழிதான். உடற்கூறியல் சொற்களை அடுக்களைச் சுவரில் ஒட்டிப் படித்தேன். ஆனால் எனக்கு எதிர்த்திசையிலும் ஒரு கஷ்டம் இருந்தது. புத்தகம் தலைசுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல் என்று தனித்தனியாகப் பிரிக்கிறது. வார்டுக்கு வரும் நம் ஊர்த் தாய்மார்கள் "ஒரே கிறக்கம்", "ஓக்காளமா வருது", "உளைச்சலு", "இளைப்பு" என்று சொல்வார்கள். கிறக்கம் என்பது தலைசுற்றலாக இருக்கலாம், சர்க்கரை குறைந்ததாக இருக்கலாம், மயக்கத்துக்கு முந்திய நிலையாகவும் இருக்கலாம். "நின்றபோதா, படுத்திருந்தபோதா? சாப்பிட்டீர்களா? வியர்த்ததா?" என்று கேட்டால்தான் பிரியும். அக்கா, உங்கள் பிள்ளைக்கு நம் ஊர்ப் பேச்சு தெரியும் என்பது குறை அல்ல. மூப்பான ஒரு அம்மை தன் தீனத்தை அவளிடம்தான் முழுதாகச் சொல்லுவாள்.

ஜூன் 4

ஆண் பிள்ளைகளும் மகப்பேறு படிக்க வேண்டுமா? ஆம், பாடம் ஒன்றே. பிரசவ அறையில் அவர்களை நிற்கவிடத் தயங்கும் இடங்கள் உண்டு. என்னோடு படித்த ஒருவர் வெளியிலேயே நிறுத்தப்பட்டு மிகவும் மனம் நொந்தார். பார்ட்டோகிராஃப் என்னும் ஒற்றைத் தாளில் கருவின் இதயத்துடிப்பையும், கருப்பை வாய் விரிவதையும், வலியின் எண்ணிக்கையையும் நேரத்தோடு புள்ளி வைத்து இணைக்கும்போது, பிரசவம் தடைப்படுகிறது என்பதைக் கோடே காட்டிவிடும். வயற்றாட்டிகள் என்னும் பழைய மருத்துவச்சிகள் கைப்பழக்கத்தால் அறிந்தவை பல உண்டு. இரத்தப்போக்கு வரும்முன் தடுப்பதற்கு, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடும் வசதி அவர்களுக்கு இல்லை. இதை ஆண் நர்சும் அறிந்திருக்க வேண்டும்; ஆம்புலன்சில் பிரசவம் நேரும்போது உள்ளே இருப்பவர் அவராகவும் இருக்கலாம்.

ஜூன் 14

மே 13-ல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். எல்லாம் கற்றுத்தந்துவிடுகிறார்கள் என்ற எண்ணத்தை உங்களுக்கு உண்டாக்கியிருந்தால் அது முழு உண்மை இல்லை. 34 என்று எண்ணத் தெரிந்த பிறகும், அதை ஒரு மருத்துவரிடம் இரவில் தொலைபேசியில் சொல்லி, "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று அழுத்திச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. தொடர்புத் திறன் என்று ஒரு பாடப் பகுதி இருந்தது. அதில் வரையறை எழுதினோம். சூழ்நிலை, பின்புலம், என் கணிப்பு, என் வேண்டுகோள் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லும் முறையைச் சவூதியில்தான் முறையாகப் பழகினேன். இங்கே இப்போது சில கல்லூரிகளில் மாணவிகளைப் பேசவைத்தே பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்து மகிழ்ச்சி.

மரணமும் அப்படித்தான். இறந்தவர் உடலைச் சுத்தம் செய்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, அடையாளச் சீட்டு வைப்பது நர்சிங் அடிப்படைகளில் ஒரு செய்முறை; படிகள் வரிசையாக இருக்கும், தேர்வும் உண்டு. வெளியே காத்திருக்கும் மகனிடம் என்ன சொல்வது என்பதற்குப் படிகள் இல்லை. முதல் முறை நான் உள்ளே போய் அழுதேன். நான்காம் ஆண்டில் ஒரு ஆசிரியை மட்டும் எங்களை உட்காரவைத்து, யார் யார் எந்த மரணத்தைப் பார்த்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். பாடத்திட்டத்தில் இல்லாத அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் இன்னும் நன்றியோடிருக்கிறேன்.

ஜூன் 15

கல்லூரியை எப்படித் தேர்வது என்று அக்கறையோடு கேட்ட ஒருவருக்கு: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே நோயாளிகள் இருக்கிறார்களா, ஆசிரியை வார்டுக்கு உடன் வருகிறாரா என்று மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கேளுங்கள். ஆசிரியை உடன் வராத வார்டில் பிள்ளைகள் எல்லாருக்கும் 20 என்று எழுதித்தான் வளர்வார்கள். கவுன்சில் அங்கீகாரமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கின்றனவா என்பதைச் சேர்வதற்கு முன்பே பாருங்கள்.

ஆகஸ்ட் 29

கருங்கல் அண்ணன் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். வகுப்புக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சீருடையையும் காலணியையும் கல்லூரி சொல்லும். ஸ்டெதாஸ்கோப்புக்கு இப்போது அதிகம் செலவிட வேண்டாம். விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் மட்டும் நல்லதாக வாங்குங்கள். அது கையில் கட்டுவதாக இருக்க வேண்டாம். முழங்கைக்குக் கீழே எதுவும் இருந்தால் கையைச் சரியாகக் கழுவ முடியாது. சட்டைப் பையில் தலைகீழாகக் குத்தித் தொங்கவிடும் வகை கிடைக்கிறது. குனிந்து பார்த்தால் முள் நேராகத் தெரியும்.